அத்தை துடைத்த கத்தி

என் அத்தையைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் "தங்கமான மனுஷி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்துப்போனவளைப் புகழ்வதில் யாருக்கும் செலவு இல்லை. உயிரோடு இருந்தபோது அவள் வீட்டில் விடிந்தால் என்ன நடந்தது என்று இந்தப் புகழ்கிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில், கல்யாணம் ஆகும்வரை, பிரிக்பீல்ட்ஸில் அவள் பிளாட்டில்தான் நான் தங்கியிருந்தேன். அப்பாவின் அக்கா அவள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் லிஃப்டுக்கு ஓடுவேன்.

அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு சிங்க். அதற்கு மேல் கண்ணாடி. மாமா அங்கே நின்று சவரம் செய்வார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு நாள் தாடியோடு இருந்ததில்லை. அவர் வைத்திருந்தது பிளேடு மாட்டுகிற ரேசர் இல்லை. முழுக்க எஃகில் செய்து, பிடிக்குள் மடங்குகிற பழைய சவரக்கத்தி. அதில் இரண்டு வைத்திருந்தார். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. ஒரு தடவை போட்டால் கத்திக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டுமாம். கத்திக்கு லீவு உண்டு, அத்தைக்குக் கிடையாது.

சவரம் முடிந்ததும் மாமா முகத்தைக் கழுவுவார், கன்னத்தைத் தடவிப் பார்ப்பார், கத்தியை நுரையும் மயிருமாகத் திறந்தபடியே சிங்க் ஓரத்தில் வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். கூடத்தில் பேப்பர் காத்திருக்கும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அத்தை தோசைக்கல்லின் நெருப்பைக் குறைத்துவிட்டு வந்துவிடுவாள்.

மாமா குடிகாரர் இல்லை. அத்தையைக் கை நீட்டி அடித்தவர் இல்லை. குரலை உயர்த்திப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. கோயிலில், கல்யாண வீட்டில், கீழே காப்பிக்கடையில், எல்லா இடத்திலும் அவருக்கு நல்ல பெயர். ஒரு கெட்ட பழக்கமாவது இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம், ஊரோடு சேர்ந்து திட்டியிருப்பேன். நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியவர் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அத்தை கத்தியை எடுக்கிற விதமே தனி. முதலில் குழாயை மெல்லத் திறந்து நுரையைக் கழுவுவாள். கூரான வாய்ப்பக்கம் சிங்கில் இடித்துவிடக் கூடாது, இடித்தால் கத்தி போயிற்று. பிறகு பழைய வேட்டித் துணி. கத்தியின் முதுகிலிருந்து வாய்ப்பக்கம் பார்த்து மெதுவாகத் துடைப்பாள். வாயின் நீளத்துக்குத் துணியை இழுக்க மாட்டாள், இழுத்தால் துணியோடு விரலும் சேர்ந்து போகும். கத்தி பிடியோடு சேர்கிற ஆணிப்பக்கம்தான் தண்ணீர் ஒளிந்துகொள்கிற இடம். அதற்காகத் துணியின் நுனியை முறுக்கி, அந்த இடுக்கில் விட்டுத் திருகி எடுப்பாள். அப்புறம் ஜன்னல் கம்பியில் தொங்குகிற தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்து மிச்ச ஈரத்தையும் எடுப்பாள். அப்போதும் மடிக்க மாட்டாள். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் காற்றாட விட்டுவிட்டு, எங்களுக்குப் பசியாறப் போட்டுவிட்டு, மறுபடி போய் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெயை விரலில் தொட்டுத் தடவி, பிறகுதான் மடித்துப் பெட்டியில் வைப்பாள்.

"ஈரத்தோட மூடுனா ரெண்டு நாள்ல துரு புடிச்சிரும்லா. நம்ம ஊருக் காத்து அப்படி. பாத்ரூம்ல வைக்கவே கூடாது" என்பாள். "நீயும் பாத்துக் கத்துக்கலாம்ல?"

"எனக்கு எதுக்கு? மாமாவுக்கு ரெண்டு கை இருக்கே, அவர் கத்துக்கட்டும்" என்பேன்.

"ஸ்ஸ்… காதுல விழுந்திரப் போவுது."

விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொல்வேன். மாமா காதில் விழும். பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரிப்பார். "எனக்கு அது வராதும்மா. உங்க அத்தை கை மாதிரி வராது" என்பார். அத்தையின் முகம் அதைக் கேட்டதும் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சியைப் பார்த்தால்தான் எனக்கு இரண்டு மடங்கு கோபம் வரும். மனிதர் தினம் ஒரு பாராட்டை வீசிவிட்டு வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார், இவள் அதைப் பிரசாதம் மாதிரி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

மாமா ஏன் அந்தக் கத்தியைப் பிடித்துக்கொண்டு இருந்தார் என்றால், அவர் தோலுக்கு வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாதாம். முடி சுருட்டையாம். மற்ற ரேசர் போட்டால் கழுத்தெல்லாம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புமாம். இது அந்த வீட்டில் எல்லாரும் நம்பிய விஷயம். நானும் நம்பினேன். அவர்களுடைய ஒரே மகன், செமினியில் வீடு வாங்கிப் போனவன், ஒரு தீபாவளிக்கு விலையுயர்ந்த மின்சார ரேசர் ஒன்றை அப்பாவுக்கு வாங்கி வந்தான். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நன்றாயிருக்கிறது என்றார். அத்தைதான் அதை வாங்கிப் பெட்டியோடு அலமாரியில் வைத்தாள். "அவருக்கு ஒத்துக்காதுப்பா" என்றாள். ஒரு தடவை போட்டுப் பார்க்கக்கூட விடவில்லை. அன்றைக்கு நான் மாமாவை விட்டுவிட்டு இவளைத்தான் மனதுக்குள் திட்டினேன். சங்கிலியின் ஒரு முனையை இவளே கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறாளே என்று இருந்தது.

"வச்சிடு, நான் பாத்துக்கிறேன்." இதுதான் அத்தையின் வாக்கியம். வாழ்நாளில் அவள் அதிகம் பேசிய வாக்கியமும் இதுவாகத்தான் இருக்கும். மகன் நனைந்த சப்பாத்தைக் கதவருகில் கழற்றினால் வச்சிடு. பக்கத்து வீட்டுக்காரி பாசாருக்குப் போக வேண்டும், குழந்தையை என்ன செய்வது என்று நின்றால் வச்சிட்டுப் போ. கோயில் அன்னதானத்தில் எல்லாரும் சேலையைத் தட்டிக்கொண்டு படம் பிடிக்கக் கிளம்பிய பிறகு, அடிப்பிடித்த அண்டாவுக்கு முன்னால் ஒரே ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். நான் சாப்பிட்ட தட்டை நானே கழுவப் போனாலும் கையிலிருந்து பிடுங்குவாள். ஒருநாள் நான் விடவில்லை. தட்டை அவள் ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் இழுக்க, தட்டு கீழே விழுந்து உடைந்தது. உடைந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே, "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கத்திப் பெட்டிக்காக அவள் செய்த சேகரிப்பு ஒன்று உண்டு. புதுச் சப்பாத்து, மருந்துப் புட்டி, பிஸ்கட் டின் இவற்றுக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்கென்று போட்டிருப்பார்களே, சாப்பிடக் கூடாது என்று எழுதிய குட்டிப் பொட்டலம், அது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள். கல்யாண வீட்டில் பார்த்தால்கூட "அத்தே, இந்தாங்க" என்று யாராவது கைப்பையிலிருந்து இரண்டு பொட்டலத்தை எடுத்து நீட்டுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அவளுக்கென்று ஒரு சேலை வேண்டும், ஒரு சங்கிலி வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. வாய் திறந்து கேட்டது அந்தப் பொட்டலத்தை மட்டும்தான். அதுவும் மாமாவின் கத்திக்காக.

என் கல்யாணம் கிள்ளானில் நடந்தது. முதல் நாளே அத்தையும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு முதல் நலங்கு அத்தைதான் வைக்க வேண்டும். அது அவளுடைய உரிமை. நான் பிறந்த நாளிலிருந்தே "இவளுக்கு நலங்கு வச்சிட்டுத்தான் நான் கண்ண மூடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். மணையில் என்னை உட்கார வைத்தாகிவிட்டது. மஞ்சள், சந்தனம், எண்ணெய் எல்லாம் தயார். அத்தையைக் காணோம். கூப்பிட ஆள் போயிற்று. "இதோ வந்துட்டேன்" என்று பின்பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் சித்தி முன்னால் வந்து என் நெற்றியில் முதல் சந்தனத்தை வைத்தாள். அத்தை வந்தபோது நலங்கு பாதி முடிந்திருந்தது. கையில் எண்ணெய் வாடை. மாமா நேரங்கழித்துச் சவரம் செய்திருக்கிறார், வழக்கம்போல் எங்கள் வீட்டுச் சிங்க் ஓரத்திலும் வைத்துவிட்டு வந்து மாப்பிள்ளை வீட்டாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். புது இடம், குழந்தைகள் ஓடுகிறார்கள், கத்தி திறந்து கிடக்கிறது. அதனால் இவள் அதைத் துடைத்து, காயவைத்து, பெட்டியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். வரிசையில் கடைசியாக நின்று எனக்குச் சந்தனம் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மணையிலிருந்து எழுந்து போய் மாமாவிடம் சண்டை போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் அத்தைக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, வந்துவிட்டது. நம் ஆட்களில் யாருக்குத்தான் இல்லை என்று எல்லாரும் லேசாக எடுத்துக்கொண்டார்கள், அவளும் அப்படித்தான். நாள் போகப் போகக் கால் மரத்தது, பிறகு கை விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போயிருந்தபோது சூடான தோசைக்கல்லை வெறும் கையால் நகர்த்தினாள். நான் அலறினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, "என்னாச்சு?" என்றாள். அவள் கைதான் வெந்திருந்தது, அவளுக்குத்தான் அது தெரியவில்லை. விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். பழைய சூட்டுத் தழும்புகள், அதற்கு மேல் சின்னச் சின்னக் கீறல்கள். கத்திக் கீறல்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"அத்தே, இது எப்ப வெட்டுச்சு?"

"தெரியலையே. துணியில ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியுது. வலியே இல்லம்மா" என்றாள், ஏதோ வரம் வாங்கியவள் போல.

நேரே கூடத்துக்குப் போனேன். "மாமா, அத்தைக்குக் கையில உணர்ச்சி இல்ல. இனிமே கத்திய நீங்களே தொடைச்சு வைங்க. இல்லன்னா அதைத் தூக்கிப் போடுங்க" என்றேன். என் குரலில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். உண்மையிலேயே கவலைப்பட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "அப்படியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே. என்னம்மா, கை மரத்துப் போச்சா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, இவ சும்மா பெருசு பண்றா" என்று அங்கிருந்து பதில் வந்தது.

"பாத்தியா?" என்றார் மாமா என்னிடம். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். விஷயம் முடிந்துவிட்டது. அவருக்கு இவள் சொல் போதும், இவளுக்கு அவர் கேட்டதே போதும். நடுவில் நான் ஒரு பைத்தியக்காரி. அன்றைக்குக் கிள்ளானுக்குத் திரும்பும் வழியெல்லாம், காடி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் கத்திக்கொண்டே வந்தேன். பாவம், அவர் பிளாஸ்டிக் ரேசர் போடுகிறவர்.

அடுத்த தீபாவளிக்குள் நான் பயந்தது நடந்தது. ஆணிப்பக்கத்து ஈரத்தை எடுக்கத் துணியைத் திருகும்போது வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஆழமாக வெட்டியிருக்கிறது. வலி இல்லையே, அதனால் ஒரு பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறாள். அந்த விரலோடுதான் துணி துவைத்தாள், மீன் கழுவினாள், முறுக்குக்கு மாவு பிசைந்தாள், காலையில் கத்தியும் துடைத்தாள். பிளாஸ்டர் நனையும், புதிது ஒன்று ஒட்டுவாள். மகன் தீபாவளிக்கு வந்தவன் வாடை அடிக்கிறதே என்று விரலைப் பிரித்துப் பார்த்தால் நுனி கறுத்திருந்தது. கிளினிக்கில் பார்த்த டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே எலும்புவரைக்கும் போய்விட்டது என்றார்கள். விரலை எடுத்தால் கை பிழைக்கும், தள்ளிப்போட்டால் கையே போகும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அடியோடு எடுத்தார்கள்.

நான் தினமும் வேலை விட்டு நேரே வார்டுக்குப் போவேன். மாமா அங்கேதான் இருப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மைலோ கலந்து கொடுப்பார், தலையணையைச் சரி செய்வார், மிஸ்ஸியிடம் மருந்து நேரம் கேட்பார். பக்கத்துக் கட்டில்காரப் பெண்மணிகள் எல்லாம், "கொடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்று அத்தையிடம் சொன்னார்கள். அத்தை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வெட்கப்பட்டாள். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

முதல் சில நாள் மாமா முகத்தில் நரைத்த தாடி முளைத்திருந்தது. அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அத்தைக்கு அதுதான் பெரிய கவலை. "பாவம், மூஞ்சி எப்படி ஆயிருச்சு பாரு. நான் வீட்டுக்குப் போனாத்தான்" என்று என் காதில் சொன்னாள். விரல் போன கையோடு! அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் கட்டு மட்டும் இல்லையென்றால் உலுக்கியிருப்பேன்.

வேலை நெருக்கடியில் ஒரு வாரம் போக முடியாமல், ஒருநாள் சாயங்காலம் போனேன், மாமா மழமழவென்று உட்கார்ந்திருந்தார். கன்னம் பளபளக்கிறது. கழுத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை.

"யாரு மாமா கத்தியக் கழுவி வச்சா?" என்று கேட்டேன்.

"கத்தியாவது! இது கீழ கடையில வாங்குன பிளாஸ்டிக் ரேசர்ம்மா. நாலஞ்சு நாளாப் போடுறேன். நான் என்னமோ நெனச்சேன், நல்லாத்தான் இருக்கு. கழுவ வேணாம், தொடைக்க வேணாம், போட்டுட்டுத் தூக்கிப் போட்டுரலாம். இவ்வளவு சுலபம்னு தெரியாமப் போச்சே!" என்று சந்தோஷமாகச் சொன்னார். மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினார், நான் பார்த்துப் பாராட்ட வேண்டும் என்று.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. வார்டு என்று பார்க்கவில்லை, வயதில் பெரியவர் என்று பார்க்கவில்லை. "இதை அன்னிக்கே வாங்கியிருந்தா என்ன மாமா? நான் சொன்னேனே, அன்னிக்கு வாங்கியிருந்தா அத்தைக்கு விரல் இருந்திருக்கும்! கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து ஒருத்தி உங்க மயிரையும் நுரையையும் தொடைச்சிக்கிட்டுக் கெடந்தா, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீங்க அந்தத் துணியத் தொட்டிருப்பீங்களா?" என்று கத்தினேன். வார்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸி ஓடிவந்தாள்.

மாமா கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார்.

"அவ கேக்கவே இல்லையேம்மா" என்றார். "கேட்டிருந்தா வாங்கியிருப்பேனே. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?"

பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருப்பார், அப்படிப்பட்ட மனிதர்தான். அத்தை ஒரு கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கத்தாத, பக்கத்துல சீக்காளிங்க படுத்திருக்காங்க. வீட்டுக்குப் போ" என்றாள். என்னைத்தான் போகச் சொன்னாள். போனேன். காடி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினேன்.

அத்தை வீட்டுக்கு வந்து, கட்டெல்லாம் பிரித்த பிறகு, ஒரு நாள் காலையில் போனேன். மாமாவைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை, இருந்தாலும் போனேன். அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், "வாம்மா, பசியாறிட்டியா?" என்று சிரித்தார். அந்த நல்ல குணம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே அத்தையிடம் போனேன்.

அவள் சிங்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சிங்க் ஓரத்தில் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் ரேசர், நுரையும் மயிருமாக. மனிதர் தூக்கிப் போடுகிறதைக்கூடத் தூக்கிப் போடாமல் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"இதத் தொடைக்கவே வேணாமாம்" என்றாள் அத்தை, என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"தெரியும் அத்தே."

"விரல எடுத்தப்பக்கூட எனக்கு அழுக வரலம்மா. போனாப் போவுதுன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து மொத நாளு காலையில இதப் பாத்தேன். பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன்." இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "கேட்டிருந்தா வாங்கியிருப்பாராம்ல? கேட்டிருந்தா. அவரு கழுத்தப் பாத்தியா நீ? ஒரு கொப்புளம் இல்ல. நான்தான் அவருக்கு ஒத்துக்காது, ஒத்துக்காதுன்னு… அப்ப இத்தன வருசமா நான் என்னத்தத்தான் செஞ்சிக்கிட்டு இருந்தேன்?"

நான் வாயைத் திறக்குமுன் கூடத்திலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "இந்தாம்மா, அந்தக் கத்தி ரெண்டும் எங்க இருக்கு? பேரன் பெரியவனானா அவனுக்குக் குடுக்கலாம்னு நெனக்கிறேன். தாத்தா ஞாபகமா இருக்கும். பத்திரமா எடுத்து வையி."

அத்தை படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து வந்தாள். இரண்டு கத்தியையும் விரித்து எடுத்தாள். ஆள்காட்டி விரல் இல்லாத கையில் அவை சரியாகப் பிடிபடவில்லை, இடது கையால் அணைத்துப் பிடித்தாள். எனக்கு மறுபடி தலைக்கேறியது. "அத்தே, போதும்! இன்னுமா? குடுங்க அதை!" என்று பிடுங்கப் போனேன்.

"சும்மா இரு" என்றாள். என் பிறவியில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் நின்றுவிட்டேன்.

குழாயைத் திருகினாள். முழுசாகத் திறந்தாள், தண்ணீர் அவள் சேலையில் தெறித்தது. கத்திகளை ஒவ்வொன்றாக அதற்குக் கீழே காட்டினாள். ஆணிப்பக்கம் நன்றாக நனைகிறதா என்று திருப்பித் திருப்பிக் காட்டினாள். கொடியில் வேட்டித் துணி தொங்கிக்கொண்டிருந்தது, அதை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. சொட்டச் சொட்ட இரண்டையும் மடித்தாள். பெட்டியில் கிடந்த ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். கத்திகளைப் பெட்டிக்குள் வைத்து மூடியை அழுத்தினாள். மூடி ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. நான் பின்னாலேயே அலமாரிவரை போனேன். பெட்டியை அடித்தட்டில், போர்வைகளுக்கு அடியில், காற்றே புகாத மூலையில் தள்ளினாள்.

"என்னம்மா, எடுத்து வச்சிட்டியா?" என்று மாமா மறுபடி கேட்டார்.

"பத்திரமா வச்சிட்டேங்க" என்று இங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள் அத்தை. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.